ஆய்வேடு முடியும் நேரத்தில் உதவியாளர் வேலையா?

கடைசி அத்தியாயம் பாதியில் நிற்கும்போது ஆய்வு உதவியாளர் வேலை வந்தால், கொழும்பு அறை வாடகையை நினைத்தால் விட மனம் வராது. சரி, எடுங்கள். ஆனால் சேரும் முன்பே பேராசிரியரிடம் கேளுங்கள்: கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், விடைத்தாள் திருத்தும் வேலையும் தலையில் விழுமா? பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். ‘அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் தம்பி’ என்பது கணக்கில் வராது. உங்கள் மேற்பார்வையாளருக்கும் ஒரு பிரதி போகட்டும்.

வேலை நாட்களை அடுத்தடுத்து வரும்படி கேட்டு வாங்கினால் மற்ற நாட்கள் எழுத முழுசாக மிஞ்சும். காலையில் வேலை, பின்னேரம் எழுத்து என்று பிரித்தால் காலி வீதி பஸ்ஸிலேயே பின்னேரம் போய்விடும். வெள்ளவத்தை அறையில் சத்தமென்றால் கொழும்புப் பொது நூலகம் இருக்கிறது. பிறகு, ஆய்வேட்டுக் கோப்புகளை வேலையிடத்துக் கணினியில் மட்டும் வைக்காதீர்கள்.