உருளைக்கிழங்குத் தோலை ஓவனில் மொறுமொறுப்பாக்குவது எப்படி?

அமெரிக்க உணவகங்களில் 1970களில் பரவிய சிற்றுண்டி இது. உருளைக்கிழங்கை முழுதாகச் சுட்டு, நீளவாக்கில் பிளந்து, உள்ளே இருக்கும் மாவை வழித்து எடுத்துவிட்டு, தோலையும் அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய சதையையும் மறுபடி சுடுகிறார்கள். அதன்மேல் செடார் சீஸும் பொரித்த பேக்கன் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சி) துண்டுகளும் தூவி, பக்கத்தில் புளித்த கிரீம் வைத்துப் பரிமாறுவது வழக்கம். அமெரிக்கக் கால்பந்தின் இறுதியாட்டமான சூப்பர் பவுலைப் பார்க்கக் கூடும் வீடுகளில் இது பெரும்பாலும் இருக்கும். உணவகங்களில் பல இடங்களில் தோலை எண்ணெயில் பொரித்துக் கொடுப்பார்கள். வீட்டில் அது தேவையே இல்லை. ஓவனிலேயே, கடித்தால் சத்தம் கேட்கும் அளவுக்கு வரும். அப்படி வராமல் தொய்ந்துபோனால் காரணம் ஒன்றுதான்: ஈரம். கிழங்கைத் தேர்ந்தெடுப்பது முதல் சீஸ் தூவுவது வரை ஈரம் எங்கே தங்குகிறது, எப்படி வெளியேறுகிறது என்று பார்த்துக்கொண்டே போனால் இந்தப் பண்டம் கைவந்துவிடும்.

நான்கு பேருக்குத் தேவையானவை: நடுத்தர அளவு உருளைக்கிழங்கு 6 (ஒவ்வொன்றும் 150 முதல் 200 கிராம்), உருக்கிய நெய் 3 மேஜைக்கரண்டி, துருவிய செடார் சீஸ் 120 கிராம், உப்பு, மிளகுத்தூள், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் ஒரு பிடி, புளித்த கிரீம் அல்லது துணியில் கட்டி நீர் வடித்த கெட்டித் தயிர் அரை கப். பேக்கன் சாப்பிடுபவர்கள் அதைத் தனியாக மொறுமொறுவென்று வறுத்து நொறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடாதவர்களுக்கு, பொன்னிறமாகப் பொரித்த வெங்காயம் அந்த இடத்தை நன்றாகவே நிரப்பும்.

எந்தக் கிழங்கு?

அமெரிக்காவிலோ கனடாவிலோ இருப்பவர்கள் 'ரஸ்ஸட்' என்று எழுதியிருக்கும் பையை எடுத்துக்கொள்ளலாம். ஐடஹோ மாநிலத்துக்குப் பெயர் வாங்கித் தந்த ரஸ்ஸட் பர்பாங்க் இந்த வகைதான். தோல் தடிமன், உள்ளே மாவுச்சத்து அதிகம், நீர் குறைவு.

இந்தியக் கடைகளில் ரகத்தின் பெயரைச் சொல்லி விற்பது அபூர்வம். சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களெல்லாம் 'குஃப்ரி' என்ற முன்னொட்டோடு வரும். அவற்றில் குஃப்ரி சிப்சோனா சிப்ஸ் தொழிலுக்காகவே உருவானது. நீர் குறைந்த ரகம். அது கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். பெயர் தெரியாத கிழங்குதான் கிடைக்கிறது என்றால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஐந்தரை கப் தண்ணீரில் அரை கப் உப்பைக் கரைத்து, கழுவிய கிழங்கை அதில் போடுங்கள். மாவு மிகுந்த கிழங்கு கனமாக இருப்பதால் அடியில் போய் உட்காரும்; நீர் மிகுந்தது மேலே மிதக்கும். ஒரே கூறில் வாங்கிய கிழங்குகளிலேயே சில மூழ்கும், சில மிதக்கும். மூழ்கியவற்றை இதற்கு எடுத்துக்கொண்டு மிதந்தவற்றைப் பொரியலுக்கோ குருமாவுக்கோ ஒதுக்குங்கள். பிறகு உப்பு போகக் கழுவித் துடைத்துவிடுங்கள்.

கட்டைவிரலால் தேய்த்தாலே தோல் உரிகிற புதுக்கிழங்கு வேண்டாம். தோல் முற்றிய பழைய கிழங்குதான் வேண்டும். பச்சை நிறம் ஏறிய கிழங்கையும் முளைவிட்டதையும் கண்டிப்பாக ஒதுக்குங்கள். சோலனைன் போன்ற நச்சுப்பொருள்கள் தோலில்தான் அதிகம் சேரும். சுடுவதால் அவை போய்விடாது. தோலையே சாப்பிடப்போகும்போது இதில் சமரசம் கூடாது. கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அப்படிப்பட்ட கிழங்கு, மொறுமொறுப்பாகும் முன்பே கறுத்துக் கசந்துவிடும்.

முதல் சுடுதல்

ஓவனை 200 டிகிரி செல்சியஸில் வைத்து, ஓ.டி.ஜி. எனப்படும் சிறிய மின் ஓவனாக இருந்தால் மேல், கீழ் இரண்டு கம்பிகளும் எரியும்படி, கால் மணி நேரம் சூடேற்றுங்கள். கிழங்கைத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, முள்கரண்டியால் ஏழெட்டு இடங்களில் குத்தி, நடுத்தட்டில் கம்பி வலையின் மேல் நேரடியாக அடுக்குங்கள். ஐம்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். துணியால் பிடித்து அழுத்தினால் உள்வாங்க வேண்டும். கத்தி தடையில்லாமல் இறங்க வேண்டும். உணவு வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 96 முதல் 99 டிகிரி காட்டும்.

அலுமினியத் தாளில் சுற்றக் கூடாது. சுற்றினால் கிழங்கு சுடப்படாது, தன் ஆவியிலேயே வேகும், தோல் ஈரத்தோலாகிவிடும். இன்னொரு காரணம் இதைவிட முக்கியமானது. 1994இல் அமெரிக்காவின் எல் பாசோ நகரில், தாளில் சுற்றிச் சுட்ட கிழங்கை அப்படியே அறை வெப்பநிலையில் விட்டுவைத்துப் பிறகு தொட்டுக்கொள்ளும் பண்டத்தில் சேர்த்ததால், பலருக்கு போட்யூலிசம் என்ற கடும் நச்சு பாதிப்பு வந்தது. தாளுக்குள் காற்றில்லாத ஈரச்சூடு அந்த நச்சை உண்டாக்கும் கிருமிக்கு வசதியான இடம்.

குக்கரில் வேகவைத்து எடுக்கலாமா என்றால், கூடாது. தோல் நீரில் ஊறி, வெடித்து, சதையை விட்டுக் கழன்றுவிடும்.

வழித்தெடுப்பதும் உலர்த்துவதும்

இந்தப் பண்டம் தேறுவதும் தேறாததும் இங்கேதான். அவசரப்படாமல் செய்யுங்கள்.

உருளைக்கிழங்கின் வெளித்தோல் தக்கை போன்ற செல்களால் ஆனது. மண்ணுக்குள்ளும் சேமிப்பிலும் கிழங்கு வற்றிப்போகாமல் காப்பது அதன் வேலை. அதனால் உள்ளிருக்கும் நீர் தோல் வழியாக எளிதில் வெளியே போகாது. வெளியேற அதற்கு இருக்கும் நல்ல வழி நாம் வெட்டித் திறக்கும் பக்கம்தான். கிழங்கை வெளியே எடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால் ஆவி தோலுக்கடியில் நீராகத் திரும்பிவிடும். எனவே ஐந்து நிமிடத்தில், கை பொறுக்கும் சூட்டிலேயே, துணியால் பிடித்துக்கொண்டு நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துவிடுங்கள்.

வழிப்பதற்கு ஐஸ்கிரீம் கரண்டி, பழத்தை உருட்டி எடுக்கும் கரண்டி என்று பலதும் விற்கிறார்கள். எதுவும் வேண்டாம். விளிம்பு மெல்லியதாக இருக்கும் சாதாரண எவர்சில்வர் தேக்கரண்டிதான் சிறந்தது. கை அழுத்தம் எவ்வளவு என்பது அதில் துல்லியமாகத் தெரியும். முதலில் கரண்டியின் விளிம்பால், தோலிலிருந்து சுமார் 6 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி ஒரு வளையம் கீறுங்கள். பிறகு நடுவிலிருந்து தொடங்கி அந்த வளையம் வரை வழித்தெடுங்கள். இரண்டு முனைகளிலும் கரண்டியைச் சாய்த்துப் பிடியுங்கள். தோல் கிழிவது பெரும்பாலும் அங்கேதான். சதையை முழுவதும் சுரண்டிவிட்டால் தோல் காகிதம் போலச் சுருங்கிப்போகும், சீஸைத் தாங்காது. ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு விட்டுவிட்டாலோ நடுவே மசியலாகவே இருக்கும்.

வழித்ததும், கிண்ணம் போல ஆகிவிட்ட இந்தத் தோல்களைக் கம்பி வலையில் வெட்டுப்பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, பத்து நிமிடம் மூடாமல் விடுங்கள். ஆவி மேலெழுவது கண்ணுக்கே தெரியும். பிறகு உட்பக்கத்தை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். விரலில் வெள்ளை மாவு பொடியாக ஒட்டினால் தயார். பசை போலப் பிசுபிசுத்தால் இன்னும் நீர் இருக்கிறது. எண்ணெய் எதுவும் தடவாமல் 200 டிகிரியில் ஐந்து நிமிடம் உலர்த்தி மீண்டும் தொட்டுப் பாருங்கள். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டுவது கடினம். சிவந்து மொறுமொறுப்பாக அதற்கு மேல் இன்னும் நாற்பது டிகிரியாவது வேண்டும். நீர் போகாமல் எவ்வளவு நேரம் ஓவனில் வைத்தாலும் அந்த நேரம் ஆவியாக்குவதிலேயே செலவாகும்.

வழித்த மாவை வீணாக்காதீர்கள். நீர் வற்றிய மாவு என்பதால் கட்லெட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது.

இரண்டாம் சுடுதல்

அமெரிக்கச் செய்முறைகளில் பலவும் வெண்ணெய் தடவச் சொல்லும். நான் நெய்யைத்தான் சொல்வேன். வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நீர் இருக்கிறது. இத்தனை பாடுபட்டு விரட்டிய ஈரத்தை ஏன் மறுபடி கொண்டுவர வேண்டும்? வெண்ணெயில் இருக்கும் பாலின் திடப்பொருள்களும் இந்தச் சூட்டில் கருகும். நெய்யில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை, மணமும் கூடுதல்.

ஓவனை 230 டிகிரிக்கு ஏற்றுங்கள். நெய்யைப் பிரஷ்ஷால் உள்ளும் புறமும் தடவுங்கள். விளிம்புகளை மறக்க வேண்டாம். முதலில் சிவப்பது அவைதான். உப்பையும் மிளகையும் அதற்குப் பிறகுதான் தூவ வேண்டும், அப்போதுதான் ஒட்டும். தட்டின் மேல் கம்பி வலையை வைத்து, குழிப்பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து அடுக்கிப் பத்து நிமிடம் சுடுங்கள். கவிழ்த்து வைப்பதால் நெய் குழியில் தேங்காது, தோலும் மேல்கம்பிக்கு நேராக இருக்கும். பிறகு இடுக்கியால் திருப்பி இன்னும் எட்டு முதல் பத்து நிமிடம். இந்தக் கம்பி வலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். தட்டில் நேரடியாக வைத்தால் அடியில் ஆவி சிக்கிக்கொள்ளும்.

பார்வையைவிடக் காதை நம்பலாம். இடுக்கியால் தோலைத் தட்டினால் 'டக்' என்று உலர்ந்த ஓசை வர வேண்டும். விளிம்பு பொன்பழுப்பாக இருந்தால் போதும். அதற்கு மேல் கறுக்க விட்டால் கசப்புதான் மிஞ்சும்.

சீஸ்

ஒரு கிண்ணத்துக்கு ஒரு மேஜைக்கரண்டி துருவிய செடார் போதும். நிறையப் போட்டால் அது உருகி, கொழுப்பும் நீருமாகக் கசிந்து குழியை நனைத்துவிடும். கட்டியாக வாங்கி நீங்களே துருவுங்கள். துருவி அடைத்து விற்பதில் ஒட்டாமலிருக்க மாவுப்பொடி சேர்ப்பதுண்டு. அது சீராக உருகாது. ஸ்லைஸாக வரும் பதப்படுத்திய சீஸ் உருகும், ஆனால் செடார் போலச் சிவந்து குமிழியிடாது. பேக்கனையோ வெங்காயத்தையோ சேர்த்து, மூன்று நான்கு நிமிடம், சீஸ் குமிழியிடும் வரை மட்டும் வையுங்கள். வெங்காயத்தாளை வெளியே எடுத்த பிறகு தூவுங்கள். கிரீமையோ தயிரையோ தனிக் கிண்ணத்தில் வைத்து, கடிக்கும் முன் அவரவர் போட்டுக்கொள்ளட்டும். சூட்டோடு சாப்பிட வேண்டும். தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் அடியில் இருப்பவை பதம் இழந்துவிடும்.

வாசகர் கேள்விகளுக்குப் பிறகு சேர்த்தவை

ஏர் ஃப்ரையர் மட்டுமே இருப்பவர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் செய்யலாம். முழுக்கிழங்குக்கு 200 டிகிரியில் சுமார் நாற்பது நிமிடம். இரண்டாம் சுற்றில் அதே சூட்டில் எட்டு முதல் பத்து நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்ப வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று படக்கூடாது. நான்கு நான்காகச் செய்யுங்கள். சீஸ் துருவல் காற்றில் பறக்கும் என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். உண்மைதான். அடுப்பை நிறுத்தி, சீஸை விரலால் லேசாக அழுத்திவிட்டு, பிறகு இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள்.

நேரமில்லை, முதல் சுற்றை மைக்ரோவேவில் முடிக்கலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. முடியும், ஆனால் தோல் ஈரமாகவே வரும். அப்படிச் செய்தால் வழித்தெடுத்த பிறகு, நெய் தடவும் முன், ஓவனில் பத்து நிமிடம் வெறுமனே உலர்த்துவதைத் தவிர்க்க முடியாது.

எல்லாம் சொன்னபடி செய்தும் சிவக்கவில்லை என்று எழுதியவருக்கு: ஓவன் வெப்பமானி ஒன்று வாங்கி உள்ளே வைத்துப் பாருங்கள். திருகியில் 230 என்று இருக்கும்போது உள்ளே 200கூட வராத ஓ.டி.ஜி.கள் உண்டு. அப்படியானால் திருகியைக் கூடுதலாக வைத்து, உள்ளிருக்கும் வெப்பமானி காட்டுவதை மட்டும் நம்புங்கள்.

விருந்துக்கு முந்தைய நாளே செய்து வைக்கலாமா? இரண்டாம் சுடுதல் வரை முடித்து, முழுவதும் ஆறவிட்டு, காற்றுப்புகாத டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாம். சீஸ் மட்டும் வேண்டாம். மறுநாள் 200 டிகிரியில் ஏழெட்டு நிமிடம் வெறும் கிண்ணங்களைச் சூடாக்கி, தட்டிப் பார்த்து, அந்த ஓசை திரும்பியதும் சீஸைத் தூவுங்கள்.