கதண்டுக் கூட்டைக் கிட்டத்தில் பார்ப்பது எப்படி?

கதண்டு என்பது பெரிய குளவி. அதன் கூட்டைக் கிட்டத்தில் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் கிட்டப் போகக் கூடாது. 8 மடங்கு பைனாகுலர் ஒன்று போதும்: 20 மீட்டர் தள்ளி நின்றாலும் இரண்டரை மீட்டரில் நிற்பது போலத் தெரியும். 20 மீட்டருக்கு உள்ளே நான் போவதே இல்லை.

நாகமலை அடிவாரம் மாதிரி இடங்களில் ஆடு மேய்க்கிறவர்களைக் கேளுங்கள், எந்தப் பனையில் கதண்டு கட்டியிருக்கிறது என்று கையைக் காட்டிச் சொல்வார்கள். நீங்களாகப் புதருக்குள் தேடிப் போகாதீர்கள், பொந்திலும் மண்ணுக்குள்ளும் கூடு வைக்கிற வகையும் உண்டு. வெளிர் நிறத்தில் முழுக்கைச் சட்டை, தொப்பி. சென்ட் வேண்டாம், தலையில் மல்லிகையும் வேண்டாம். வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிடுங்கள், அதிர்வு அதற்கு ஆகாது. அந்த மரத்தில் சாய்வதும் கல் விடுவதும் கூடவே கூடாது. அப்புறம், கூட்டின் வாசலுக்கு நேர் எதிரே நிற்காமல், அவை போய்வருகிற பாதையை விட்டுப் பக்கவாட்டில் நின்று, திரும்பி ஓட வழி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஒரு மணி நேரம் பொறுமையாகப் பாருங்கள். கூட்டின் மேல் ஓட்டில் அலை அலையாக வரிகள் தெரியும்: மரத்தைச் சுரண்டி, மென்று, எச்சிலில் குழைத்துப் பூசிய காகிதம் அது, மரத்துக்கு மரம் நிறம் மாறுவதால்தான் அத்தனை வரி. புழுக்களைக் கடித்து உருண்டையாக்கிக் குஞ்சுகளுக்குக் கொண்டுவரும். நம் ஊர் வெயிலில் வாசலில் நின்று சிறகால் விசிறிக் கூட்டைக் குளிர்விப்பதையும் பார்க்கலாம், எனக்கு அதைப் பார்க்க அலுப்பதே இல்லை.

ஒன்றிரண்டு வந்து உங்கள் முகத்தைச் சுற்றினால் அது எச்சரிக்கை. கையை வீசாமல், அடிக்காமல் மெல்லப் பின்வாங்குங்கள். ஒன்றை நசுக்கினால் அந்த வாடைக்கே மற்றவை கிளம்பி வரும், தேனீ கொடுக்கை விட்டுவிடும், கதண்டு விடாது, திரும்பத் திரும்பக் கொட்டும். கூட்டமாக வந்துவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடி, வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ புகுந்து கதவைச் சாத்துங்கள்.

மூச்சுத் திணறல், முகவீக்கம், மயக்கம் என்றால் உடனே 108. பல இடத்தில் கொட்டியிருந்தால், நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், சிறுநீரகக் கோளாறு சில நாள் கழித்தும் வரும். குளவிக்கடி முன்பே ஒத்துக்கொள்ளாதவர்கள் தயவுசெய்து இந்த வேலைக்கே வராதீர்கள்.

வீட்டோரம், பள்ளிக்கூடத்தோரம் கூடு இருந்தால் தீப்பந்தம் கட்டாமல் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள், 101. காட்டுப் பனையில் ஆள் நடமாட்டம் இல்லாமல் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.