பைதனில் 4, சி-யில் -1

கணினி அறிவியல் நுழைவுப் பரீட்சைக்கு ஹட்டனில் வீட்டிலிருந்தே பயிற்சி வினாக்கள் செய்துகொண்டிருந்தேன். வட்ட வரிசை (கடைசி இடத்துக்குப் பின் மறுபடி முதல் இடத்துக்கே வரும் வரிசை) பற்றிய ஒரு வினாவில் மூன்று நாள் மாட்டிக்கொண்டேன். 5 இடமுள்ள அணி (array), இட எண்ணைக் காட்டும் சுட்டி 0. அப்படியானால் (சுட்டி - 1) % 5, அதாவது 5ஆல் வகுத்தால் வரும் மீதி, எவ்வளவு? என் லேப்டாப்பில் பைதன் நிரல்மொழி 4 என்றது. விடைப் பட்டியலில் -1.

அச்சுப்பிழை என்று முதலில் விட்டுவிட்டேன். அடுத்த இரண்டு வினாக்களிலும் அதே கதை. சரி, பைதனில்தான் கோளாறு என்று அதை அழித்துத் திரும்பப் போட்டேன். மழையில் இணையம் இழுத்த இழுப்புக்கு அதிலேயே ஒரு நாள் போய்விட்டது. அப்போதும் 4தான்.

அப்புறம்தான் வினாவில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் அரைப்புள்ளி இருப்பது கண்ணில் பட்டது. அது பைதனே இல்லை, சி என்ற வேறு நிரல்மொழி! சி-யில் வகுத்தலின் விடை பூச்சியத்தை நோக்கி வெட்டப்படும். சி99 (சி மொழியின் 1999 தரநிலை) முதல் அதுதான் விதி. அதனால் மீதி வகுபடும் எண்ணின் குறியை எடுக்கும். பைதன் கீழ்நோக்கி முழுமையாக்குவதால் மீதிக்கு வகுக்கும் எண்ணின் குறி. -17 % 5 போட்டுப் பாருங்கள்: சி-யில் -2, பைதனில் 3.

வட்ட வரிசையில் பின்னால் போக இப்போது (சுட்டி - 1 + 5) % 5 என்றே எழுதுகிறேன். இரண்டிலும் 4 வருகிறது.