லாக் கொட்டி வைக்க எந்த டேட்டாபேஸ்?

லாக் என்றால் மென்பொருள் தான் செய்வதை வரிவரியாக எழுதிவைக்கும் குறிப்பு. அதற்கு டேட்டாபேஸைத் தேடும் முன் கணக்குப் போடுங்கள். நொடிக்கு 2,000 வரி, வரிக்கு 500 பைட் என்றால் ஒரு நாளைக்கு 86 ஜிபி. 90 நாள் வைத்தால் ஏழே முக்கால் டிபி.

அடுத்து, அதில் எதைத் தேடப்போகிறீர்கள்? ராத்திரி 2 மணிக்கு பிழைச் செய்தியின் ஒரு சொல்லைத் துழாவுவதென்றால் எலாஸ்டிக்சர்ச் சுகம்; ஆனால் டிஸ்க்குக்கும் ராமுக்கும் தீனி போட்டு மாளாது. "நேற்று எந்த ஏபிஐ எத்தனை முறை 500 (சர்வர் பிழைக்கான எண்) கொடுத்தது" என்று எண்ணுவதுதான் வேலை என்றால் கிளிக்ஹவுஸ். காலம் காலமாகச் சேமிப்பதால் (நேரத்தைச் சொல்லவில்லை, டேபிளின் column, அதாவது நெடுவரிசை!) ஒரே மாதிரி மதிப்புகள் பக்கத்தில் உட்கார்ந்து நன்றாகச் சுருங்கும். வரிகளை எப்படி அடுக்குவது என்று சொல்லும் ORDER BY-இல் சர்வீஸ் பெயர் முதலில், நேரம் பிறகு. லோக்கி என்ற லாக் சேமிப்பான் லேபிள்களை (சர்வீஸ் பெயர் போல லாக்கில் ஒட்டும் குறிச்சொற்களை) மட்டுமே இன்டெக்ஸ் செய்யும், மலிவு. யூசர் ஐடியை லேபிளாக்கினால் ஆளுக்கொரு மதிப்பு பெருகி, தொலைந்தீர்கள்.

போஸ்ட்கிரெஸ் போதாதா? ஒரு நாளைக்குச் சில ஜிபி என்றால் தாராளமாகப் போதும், நாள்வாரியாகப் பார்ட்டிஷன் போட்டால் (டேபிளை நாளுக்கொரு துண்டாகப் பிரித்தால்). நான் போடவில்லை. பழைய லாக்கை டெலீட் அடித்தேன். ஆறு மணி நேரம் ஓடி முடிந்தபோதும் டிஸ்க் 97 சதவீதத்திலேயே நின்றது. டெலீட் வரிகளைச் செத்ததாகக் குறிக்கும், அவ்வளவுதான். செத்த வரிகளைத் துப்புரவாக்கும் வேக்யூம் ஓடினாலும் அந்த இடம் பெரும்பாலும் அதே டேபிளுக்குத்தான், ஓஎஸ்ஸுக்குத் திரும்பாது. பார்ட்டிஷன் இருந்திருந்தால் பழைய துண்டை முழுதாக நீக்கும் ஒரே டிராப், டீ ஆறுவதற்குள் முடிந்திருக்கும்.

எதைத் தேர்ந்தாலும், உங்கள் சொந்த லாக்கையே ஒரு வாரம் ஏற்றிப் பாருங்கள். அழிப்பதையும் சேர்த்துச் சோதியுங்கள்.