மில்லியன் என்றால் எத்தனை லட்சம்? பி.ஆர். படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மே மாதம் எங்கள் ஆபீசுக்கு இன்டர்ன்ஷிப் வந்த பெண், முதல் வாரத்திலேயே ஒரு தமிழ்ச் செய்திக்குறிப்பு எழுதி என் மேஜையில் வைத்தாள். முதல் வரி இது: "தென்னிந்தியாவில் தனது காலடித் தடத்தை விரிவுபடுத்துவதில் இந்நிறுவனம் உற்சாகமடைகிறது." "ஏம்மா, கம்பெனிக்குக் கால் முளைச்சிருச்சா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது, 2011-இல் நானும் இதே லட்சணத்தில்தான் எழுதிக்கொண்டிருந்தேன். என் பாஸ் சிரிக்கக்கூட இல்லை, தாளைக் கிழித்துப்போட்டார்.

சென்னையில் பி.ஆர். (மக்கள் தொடர்பு) ஏஜென்சி வேலைக்கு வந்து பதினாலு பதினைந்து வருடம் ஆகிவிட்டது. ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் கல்லூரிகளிலிருந்து நாலைந்து பேர் வருகிறார்கள், நாங்கள் விழுந்த அதே பள்ளத்தில் விழுகிறார்கள். எழுத்துப்பிழை, தாமதமாக வருவது, கிளையண்ட் பெயரைத் தப்பாக அடிப்பது பற்றியெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதற்கு உங்கள் வீட்டிலேயே ஆள் இருப்பார்கள்.

எந்த பி.ஆர். என்று தெரியாமல் சேர்வது

நம் ஊரில் பி.ஆர்.ஓ. என்ற மூன்றெழுத்துக்கு நாலு அர்த்தம் உண்டு. சினிமா பி.ஆர்.ஓ. தனி உலகம். 1958-இல் 'நாடோடி மன்னன்' படத்துக்கு ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் அந்த வேலையைச் செய்ததிலிருந்து வளர்ந்த மரபு அது. அரசாங்கத்தில் என்றால் கலெக்டர் ஆபீசில் இருக்கும் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர். தனியார் ஆஸ்பத்திரி விளம்பரத்தில் "பி.ஆர்.ஓ. தேவை" என்று இருந்தால், பெரும்பாலும் ரிசப்ஷன் பக்கத்தில் நின்று நோயாளிகளுக்கு வழி காட்டுகிற வேலை. இல்லாவிட்டால் சின்ன கிளினிக்குகளுக்குப் போய் "எங்களுக்குக் கேஸ் அனுப்புங்க டாக்டர்" என்று கேட்கிற வேலை. ஏஜென்சி நாலாவது ரகம், பல கம்பெனிகளுக்காகச் செய்திக்குறிப்பு எழுதிப் பத்திரிகைகளிடம் கொண்டுபோகிற வேலை.

விஸ்காமிலும் (விஷுவல் கம்யூனிகேஷன்) இதழியலிலும் பி.ஆர். பெரும்பாலும் ஒரு செமஸ்டரில் வந்துபோகும் ஒரு தாள்தான், அதனால் கடைசி வருடம் வரை இந்த வித்தியாசம் பலருக்குப் பிடிபடுவதில்லை. இரண்டாம் வருடத்திலேயே இந்த வேலைகளில் இருக்கும் யாரையாவது பிடித்து, ஒரே ஒரு நாள் கூடச் சுற்றிப் பாருங்கள். ஆஸ்பத்திரி பி.ஆர்.ஓ.வாகப் போய் மூன்று மாதம் கழித்து எனக்கு அழுதுகொண்டே போன் செய்தவர்கள் இருக்கிறார்கள்.

டைலனாலை ஒப்பிப்பது

நேர்காணலில் "நெருக்கடி வந்தால் ஒரு நிறுவனம் எப்படிப் பேச வேண்டும், உதாரணம் சொல்" என்றால் கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். 1982, சிகாகோ, டைலனால் என்ற வலி மாத்திரையில் சயனைடு, ஏழு பேர் மரணம், ஜான்சன் அண்ட் ஜான்சன் மூன்று கோடிக்கும் மேற்பட்ட பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. எல்லாம் சரிதான். 2015 மேகி நூடுல்ஸ் விவகாரத்தைக் கேட்டால் மட்டும் "தடை பண்ணாங்க, அப்புறம் வந்துருச்சு மேம்" என்று நிற்கிறது.

அந்த ஜூன் 4-ஆம் தேதி தமிழ்நாடு அரசே மூன்று மாதத் தடை போட்டது. மறுநாள் நாடு முழுக்க விற்பனையை நிறுத்தச் சொல்லி உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உத்தரவு. ஆகஸ்ட் 13-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நவம்பரில் மேகி கடைக்குத் திரும்பியது. நம் தெரு மளிகைக் கடையில் நடந்த கதை இது. உத்தரப் பிரதேசத்தில் சாம்பிளில் ஈயம் அதிகம் என்ற பிரச்சினை கிளம்பியதற்கும் ஜூன் 5-க்கும் நடுவில், மேகி தயாரிக்கும் நெஸ்லே என்ன பேசியது, யார் பேசினார்கள் என்றுதான் நான் கேட்பேன். ஈயம் எத்தனை பி.பி.எம். என்று ஒரு பக்கம் பேச்சு. பிள்ளைக்குச் செய்து கொடுக்கலாமா வேண்டாமா என்று அடுப்படியில் கேள்வி. அந்த நாட்களின் பேப்பர்களை நூலகத்தில் உட்கார்ந்து வரிசையாகப் புரட்டிய பிள்ளை வந்தால் உடனே தெரிந்துவிடும்.

தமிழைக் கடைசியில் 'டிரான்ஸ்லேட் பண்ணிக்கலாம்' என்று விடுவது

இதை மட்டும் நீளமாக எழுதுவேன். எனக்கு இன்னும் ஆறவில்லை.

வேலை நடக்கிற விதம் இது. கிளையண்டின் தலைமையகத்திலிருந்து ஆங்கிலக் குறிப்பு வரும். நாலு நாள் அதில் கமாவை இங்கே எடுத்து அங்கே வைப்பார்கள். பிரஸ் மீட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் 'அப்ரூவ்ட்' என்று மெயில் வரும். ராத்திரிக்குள் தமிழ்ப் பிரதி வேண்டும். டிரான்ஸ்லேட்டருக்குத் தள்ளிவிடு, வந்ததும் பிரிண்ட் போடு. ஆங்கிலத்துக்கு நாலு நாள், தமிழுக்கு நாலு மணி நேரம். தள்ளிவிடுகிற வேலை எப்போதும் இருப்பதிலேயே ஜூனியருக்கு.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம். கிளையண்ட், வாகன உதிரிபாகம் செய்யும் நிறுவனம். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. தொழிற்சாலையை விரிவாக்க 2,500 மில்லியன் ரூபாய் முதலீடு என்பதுதான் செய்தி. நான் தி.நகரில் பேனர் அடிக்கிற கடையில் நின்று, லோகோவின் சிவப்பு ஆரஞ்சாக விழுகிறதே என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். டிரான்ஸ்லேட்டர் கூப்பிட்டார். ரிட்டயர்டான தமிழாசிரியர், நிதானமான மனிதர். "ஏம்மா, மில்லியன்னா கோடிதானா?" பின்னால் பிரிண்டர் கரகரவென்று ஓடுகிறது. "ஆமா சார், கோடிதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி சிவப்புக்குப் போய்விட்டேன்.

ஒரு மில்லியன் என்றால் பத்து லட்சம். 2,500 மில்லியன் என்றால் 250 கோடி.

பிரஸ் மீட் அருமையாக நடந்தது. ஆங்கில நிருபர்கள் கையில் ஆங்கிலத் தாள், தமிழ் நிருபர்கள் கையில் தமிழ்த் தாள். எம்.டி. ஆங்கிலத்தில் பேசினார், தொகையை வாயால் சொல்லவே இல்லை. மறுநாள் காலை ஆங்கிலப் பேப்பர்களில் 250 கோடி, தமிழ்ப் பேப்பர்களில் 2,500 கோடி. ஏழு மணிக்கு முன்னாலேயே பாஸிடமிருந்து போன். ஒன்பது மணிக்குத் தொழிற்சாலை கேட்டில் பயோடேட்டாவோடு பையன்கள். பக்கத்து ஊரிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். மதியத்துக்குள் பங்குச்சந்தையிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம். கம்பெனி செக்ரட்டரி எங்கள் பாஸைக் கூப்பிட்டுப் பேசியது ஸ்பீக்கரில் போடாமலே எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

பேப்பர் ஆபீஸ்களுக்கு டெஸ்க் டெஸ்க்காகப் போன் போட்டுத் திருத்தம் கேட்டுக் கெஞ்சினோம். உள்பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்குப் போட்டார்கள். கிளையண்ட் அந்த வருடத்தோடு போய்விட்டது. அதைக்கூட மறந்துவிட்டேன். ஒரு தமிழ் நாளிதழின் மூத்த நிருபரைத்தான் மறக்க முடியவில்லை. அவரை ஆபீசில் நிற்க வைத்துக் கேட்டிருக்கிறார்கள். பத்து நாள் கழித்து சேப்பாக்கம் பிரஸ் கிளப் வாசலில் பார்த்தபோது, "நீ குடுத்த பேப்பரை நம்பித்தானேம்மா போட்டேன்" என்றார். திட்டவில்லை. அதற்குப் பிறகு போன் செய்தால் எடுப்பார், "டெஸ்க்குக்கு அனுப்பிரும்மா" என்று வைத்துவிடுவார். இரண்டு வருடம் அப்படித்தான் ஓடியது.

இன்று இதே தவறு நடந்தால் இன்னும் கனமாக விழும். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2015 பட்டியலிடல் விதிமுறைகளில் 30-ஆவது விதியைப் படித்துவையுங்கள். சந்தை மதிப்பில் முதல் 100 இடங்களில் உள்ள நிறுவனங்களுக்கு 2024 ஜூன் முதலும், முதல் 250-க்கு அந்த டிசம்பர் முதலும் ஒரு கட்டாயம் வந்திருக்கிறது. ஊடகத்தில் உறுதியாகாத செய்தி வந்து பங்கு விலை பெரிதாக அசைந்தால், 24 மணி நேரத்துக்குள் உண்டு அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும். தமிழ்ப் பேப்பர் என்ன எழுதுகிறது என்று மும்பையில் உட்கார்ந்திருப்பவரும் இப்போது கேட்கிறார். கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

எண்ணோடு போகிற சங்கதியும் இல்லை இது. போன வருடம் இதய மருத்துவம் பற்றிய குறிப்பு ஒன்று. 'இதயச் செயலிழப்பு' வர வேண்டிய இடங்களில் எல்லாம் 'மாரடைப்பு' என்று இருந்தது. ஹார்ட் ஃபெயிலியர் வேறு, ஹார்ட் அட்டாக் வேறு. செயலிழப்போடு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வருடக்கணக்கில் நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு அப்பா இருக்கிற வீட்டில் அந்தச் செய்தியைப் படித்தால் என்ன ஆகும்? பிரிண்டுக்குப் போகும் முன் பார்த்துவிட்டோம், தப்பித்தோம்.

இன்னொன்று, இந்தத் தாளை யார் படிப்பார் என்று யோசிக்காமலே எழுதுகிறார்கள். படிப்பது சாயங்காலம் டெஸ்க்கில் நாற்பது குறிப்புகளோடு உட்கார்ந்திருக்கும் சப் எடிட்டர். "உற்சாகமடைகிறது" என்பதை வெட்டுவார். எம்.டி.யின் மேற்கோளில் "பெருமிதம் கொள்கிறோம்" என்பதை வெட்டுவார். மிஞ்சுவதுதான் செய்தி. பல குறிப்புகளில் ஓட்டல் பெயரும் தேதியும்தான் மிஞ்சுகின்றன. அந்தக் குறிப்பையும் பி.டி.எஃப். ஆக அனுப்பியிருந்தால், காப்பி எடுக்கும்போது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்து சிதறும். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பினாலும் இதே வம்புதான். யூனிகோடில் அடித்து மெயிலுக்குள்ளேயே ஒட்டுங்கள். திரும்ப டைப் அடிக்க அவருக்கு நேரமும் இல்லை, அவசியமும் இல்லை.

கல்லூரியில் இருக்கும்போதே இதற்குப் பழகலாம். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் ஒரே குறிப்பை ஆங்கிலத்திலும் தமிழிலும் வெளியிடுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தமிழ் எங்கே மூச்சு முட்டுகிறது என்று கோடு போடுங்கள். உங்கள் மாவட்டச் செய்தி வெளியீட்டை எடுத்து, மறுநாள் பேப்பரில் எந்த வரி மேலே ஏறியது, எது காணாமல் போனது என்று பாருங்கள்.

எழுதும்போது ஆங்கிலத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு மூடிவையுங்கள். வீட்டுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லுங்கள். காலடித் தடம் எழுதிய பெண்ணை அப்படித்தான் செய்ய வைத்தேன். "அம்மா, அந்த நகைக்கடை இருக்குல்ல, அவங்க கோயம்புத்தூர்லயும் மதுரையிலயும் புதுசா கடை தொறக்கிறாங்களாம், தீபாவளிக்கு முன்னாடியே" என்றாள். முதல் வரி கிடைத்துவிட்டது.

குறிப்பை அனுப்பிவிட்டு டெஸ்க்குக்குப் போன் போட்டு, "மெயில் வந்துச்சா சார்?" என்று கேட்காதீர்கள்.

வந்திருக்கும். புதிதாகச் சொல்ல ஏதாவது இருந்தால் மட்டும் கூப்பிடுங்கள்.

சீனியரின் மீடியா லிஸ்ட்டை அப்படியே வாங்கிக்கொள்வது

நிருபர்களின் பெயரும் நம்பரும் உள்ள அந்த லிஸ்ட்டில் பாதிப் பேர் பத்திரிகை மாறியிருப்பார்கள். ஒருமுறை, காலமாகிவிட்ட ஒருவரின் நம்பருக்குக் கூப்பிட்டு அவர் மனைவியிடம் பிரஸ் மீட்டுக்கு அழைப்பு விடுத்திருக்கிறேன். செய்தியோடு வரும் நிருபர் பெயரை (பைலைன்) பார்த்து நீங்களே எழுதிச் சேருங்கள்.

செய்தியை சென்டிமீட்டரில் அளப்பது

கல்லூரி புராஜெக்ட்டுகளில் இன்னும் வருகிறது. இத்தனை பத்தி சென்டிமீட்டருக்குச் செய்தி வந்தது, அதே இடத்தில் விளம்பரம் போட்டால் இவ்வளவு ரூபாய், ஆகவே நம் பி.ஆர். மதிப்பு இவ்வளவு லட்சம். 2010-இல் பார்சிலோனாவில் கூடியபோதே இந்தத் துறைக்காரர்கள் இந்தக் கணக்கை ஒதுக்கிவிட்டார்கள். என் 2,500 கோடிச் செய்தியையும் இந்த முறையில் அளந்து பாருங்கள், அந்த வருடத்தின் மிகப் பெரிய வெற்றி அதுவாகத்தான் இருக்கும். கிளையண்ட் இன்னமும் கேட்பார், வேறு வழியில்லாமல் போட்டும் கொடுப்போம். அதுதான் பி.ஆர். என்று நீங்களும் நம்பிவிடாதீர்கள்.

கவர்

நிருபர்களுக்குப் பணம் வைத்த கவர் கொடுக்காதீர்கள். "எல்லாரும் குடுக்கிறாங்க" என்று சொல்லும் கிளையண்டிடமும் இதையே சொல்லுங்கள்.

போட்டோ ஆல்பத்தை போர்ட்ஃபோலியோ என்று கொண்டுவருவது

கல்ச்சுரல்ஸில் மைக் பிடித்த படம், சீஃப் கெஸ்ட்டுக்குப் பொன்னாடை போர்த்திய படம், வாலண்டியர் ஐ.டி. கார்டு. இதில் நீங்கள் எழுதியது எங்கே?

போன வருடம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. ஃபைலில் மொத்தமே ஆறு தாள். அவன் கல்லூரி ரத்ததான முகாமுக்கு அவனே எழுதிய ஒரு பக்கக் குறிப்பு, பக்கத்தில் அது மறுநாள் வந்த நாலு வரிக் கட்டிங். இப்படி மூன்று ஜோடி. பேப்பரில் விடுபட்ட வரிகளை அவன் குறிப்பில் பென்சிலால் அடித்து, ஓரத்தில் ஏன் என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தான். ஒரு இடத்தில், "கல்லூரி முதல்வர் பெயருக்கு முன்னால் நாலு பட்டம் போட்டது என் தப்பு" என்று இருந்தது. திங்கட்கிழமையே வரச் சொன்னேன்.