எஸ்டி கார்ட் கெதியா சாகாம இருக்க

ராஸ்பெரி பை (எஸ்டி கார்ட்ல ஓடுற சின்ன கம்ப்யூட்டர்) இரவு பகலா ஓடுதுன்னா எஃப்எஸ்டேப் ஃபைல்ல (/etc/fstab, டிஸ்க்க எப்பிடி மவுண்ட் பண்ணணும்னு சொல்றது) ரூட் லைன்ல (தனியா / போட்ட லைன்) நோஏடைமுக்குப் (noatime) பிறகு (அது அநேகமா ஏற்கனவே இருக்கும்) ஒரு கமா போட்டு கமிட்=60 (commit=60) சேர்த்துட்டு ரீபூட் பண்ணுங்க.

ஃபிளாஷ்ல (கார்ட்டுக்குள்ள இருக்கிற மெமரி) எழுதின பேஜுக்கு (அதுல ஒரு சின்னத் துண்டு) மேலேயே திரும்ப எழுதேலாது, பெரிய பிளாக்கா அழிச்சாத்தான் முடியும், அதால சின்னச் சின்னதா அடிக்கடி எழுதுறதுதான் கார்ட்ட தின்னுது. எக்ஸ்ட்4 (கார்ட்ல ஃபைல்கள ஒழுங்கா வைக்கிற ஃபைல் சிஸ்டம்) சும்மா விட்டா 5 செக்கனுக்கு ஒருக்கா ஜேர்னல் (மாற்றங்களக் குறிச்சு வைக்கிற பதிவு) எழுதும், 60 போட்டா ஒரு நிமிஷத்துக்குரியத சேர்த்து எழுதும்.

டேட்டாபேஸ் ஓடினா பெருசா பிரயோசனமில்ல, அது எஃப்சிங்க் போட்டு உடனே எழுத வைக்கும். யூபிஎஸ் இல்லாட்டி இத தொடவே வேணாம், வெள்ளவத்தைல மழைக்கு கரண்ட் போனா கடைசி நிமிஷத்துல எழுதினது போயிடும்.