பெரணி நட்டால் போதுமா? ஆர்சனிக் மண்ணில் செய்யும் தவறுகள்

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை தெருக்களில் காரை பெயர்ந்த சுவரைப் பார்த்தால், மழைக்காலத்தில் செங்கல் இடுக்கிலிருந்து ஒரு பெரணி எட்டிப் பார்க்கும். நீள ஓலை, இரு பக்கமும் சீப்புப் பல் மாதிரி இலைகள். டெரிஸ் விட்டாடா என்பது அதன் தாவரவியல் பெயர். சுண்ணாம்பு அதற்கு ரொம்பப் பிடிக்கும். இதே பெரணி ஆர்சனிக் என்ற நச்சுப் பொருளை மண்ணிலிருந்து இழுத்து ஓலையில் சேர்த்துவைக்கிறது என்று 2001-ல், அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் மரக்காப்பு மருந்து கலந்த ஒரு நிலத்தில் செய்த ஆய்வு காட்டியது. அன்றிலிருந்து "பெரணி நட்டால் மண் சுத்தமாகும்" என்ற பேச்சு ஓடுகிறது. பேச்சு பொய்யில்லை, ஆனால் பாதிதான்.

எண்ணூர்ப் பக்கம் நிலக்கரிச் சாம்பல் பறப்பதைப் பார்த்துவிட்டு, தொட்டி மண்ணைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் உண்டு. சாம்பலில் ஆர்சனிக் கொஞ்சம் இருக்கும் என்பதும் உண்மை. அவர்கள் முதலில் செய்யும் தவறு, நர்சரிக்குப் போய் ஏதோ ஒரு பெரணியை வாங்கிவருவது. வீட்டு வாசலில் தொங்கும் பாஸ்டன் பெரணி இந்த வேலைக்கு உதவாது. டெரிஸ் இனத்திலேயே சிலதுக்குத்தான் இந்தக் குணம்.

அடுத்தது, செடி செழிப்பாக இருப்பதை வைத்து மண் நல்லது என்று முடிவு கட்டுவது. இந்தப் பெரணி விஷத்திலும் பச்சையாகத்தான் நிற்கும். ஆர்சனேட் வடிவில் இருக்கும் ஆர்சனிக், வேருக்குத் தன் சத்தான பாஸ்பேட் மாதிரியே தெரிகிறது. அந்த வழியாகவே உள்ளே போய், ஓலையில் செல்லின் உள்ளறைகளில் அடைபடுகிறது. மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் செடியின் முகத்தைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது.

இனி முக்கியமான இடம். பெரணி நட்டவர் பெரும்பாலும் ஓலையின் வயதைக் கவனிப்பதில்லை. ஒரே செடியில் சுருள் விரியாத குருத்தும் காய்ந்து தொங்கும் முதிர்ந்த ஓலையும் சேர்ந்தே இருக்கும். ஓலை முதிர முதிர அதில் ஆர்சனிக் ஏறிக்கொண்டே போகும். கிலோவுக்கு 98 மில்லிகிராம் ஆர்சனிக் இருந்த மண்ணில் நடந்த ஓர் ஆய்வில், முதிர்ந்த ஓலைகளில் கிலோவுக்கு 13,800 மில்லிகிராம் வரை சேர்ந்திருந்தது. ஆக, எடுக்கவேண்டிய சரக்கு எல்லாம் காயப்போகும் ஓலையில்தான். அதை அப்படியே விட்டால் உதிரும், மழை கழுவும், ஆர்சனிக் திரும்ப அதே மண்ணுக்குப் போகும். அதனால் காயத் தொடங்கும் முன்பே அறுத்துவிட வேண்டும். தண்டுக் கிழங்கையும் குருத்தையும் மட்டும் தொடாதீர்கள், அப்புறம் தானே துளிர்க்கும்.

ஓலையின் அடிப்பக்க விளிம்பில் பழுப்புக் கோடு ஓடினால் நோய் என்று பயந்து பிடுங்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பாவம் அந்தச் செடி! அது வித்துத் தூள், பெரணி வளர்ந்துவிட்டதன் அடையாளம். பரிசோதனைக்கு ஓலை எடுக்கும்போதும் வயது கலந்துவிடக் கூடாது. குருத்தை மட்டும் கொடுத்தால் குறைவாகக் காட்டும்.

சரி, அறுத்ததை என்ன செய்வது? உரக்குழியில் போட்டால் சுற்றி மறுபடி மண்ணுக்கே வரும். கொளுத்தினால் புகையோடு ஆர்சனிக் காற்றில் கலக்கும், இது எல்லாவற்றையும்விட மோசம். ஆட்டுக்குப் போடவே கூடாது. தனியாகக் கட்டி, ஆபத்தான கழிவு என்று சொல்லித்தான் ஒப்படைக்க வேண்டும். தெருமுனைக் குப்பைத்தொட்டி அதற்கான இடம் இல்லை.

டி.ஏ.பி. என்ற பாஸ்பேட் உரத்தை அள்ளிப் போடுவதும் வேண்டாம். பாஸ்பேட் கூடினால் மண்துகளில் ஒட்டியிருந்த ஆர்சனிக் விடுபட்டு நீரோடு இறங்கக்கூடும்.

காலத்தையும் அவசரமாகக் கணக்கிடாதீர்கள். மேலே சொன்ன 98 மில்லிகிராம் மண் ஆய்வில் 20 வாரத்தில் மண்ணின் ஆர்சனிக்கில் 26 சதவீதம் குறைந்தது. ஆனால் அது தொட்டி. திறந்த நிலத்தில் பல வருட வேலை. அதுவரை அந்த மண்ணில் கீரை விதைக்காதீர்கள்.